ஜெய்புன்னிசா மூடிய அலை

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், காலை பதினொன்றேகால் மணிக்கு, ஆனைமேட்டுக்குப்பத்துக் கடலில் எழுந்த அலை ஒன்று விழாமல் அப்படியே நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் நான்தான், குலோத்துங்கன், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் விழுந்தால் கண்ணு மூக்கு வைத்து, கடைசியில் நான் கடலையே திருடப் பார்த்தேன் என்று முடித்துவிடுவார்கள்.

கேமரா புதுச்சேரியில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரருடையது. அவர் தன் ஊருக்கே திரும்பிப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். படம் விழுவது லென்ஸ் வழியாக, நாம் பார்ப்பதோ மூலையில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. அந்த ஜன்னலின் நடுவே ஒரு சின்னக் கட்டத்தில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், லென்ஸின் வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். இதை என் பெண்டாட்டியிடம் பெருமையாகக் காட்டியபோது, "ஒண்ணு ரெண்டா தெரியறதுக்குத்தான் ஒயின்ஷாப்பு இருக்கே, இதுக்கு எதுக்கு ஒரு கேமரா?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குக் கத்திரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. தேசிங்கு தன் ஃபைபர் படகில் தனியாளாகத் திரும்பிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மாடிவீட்டு உயரத்துக்கு ஓர் அலை எழுந்தது, அவன் எழுந்து நின்று கரையைப் பார்த்து வாயைத் திறந்து என்னவோ கத்தினான், நான் ஸ்டாண்டில் பொருத்தியிருந்த கேமராவின் ஜன்னலில் இரண்டு அலையையும் ஒன்றாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். 'டிக்' என்று திறக்கும் சத்தம் வந்தது. மூடும் சத்தம் வரவில்லை. வேறு கேமராவாக இருந்தால் கண்ணுக்கு முன்னால் இருட்டிப்போய் அப்போதே தெரிந்திருக்கும், இதில்தான் ஜன்னல் தனியாயிற்றே, நான் பாட்டுக்கு அலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், என்னடா இது, விழவே மாட்டேன் என்கிறதே என்று.

படத்துக்குள் விழுந்த அத்தனையும் நின்றுவிட்டன. அலை, அதன் தலையில் சுருண்ட நுரை, அதற்குள் மாட்டிய கவலை மீன்கள், மேலே மூன்று கடற்காக்கைகள், அடியில் படகு, படகில் தேசிங்கு. படத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடல் எப்போதும்போல வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

முதல் நாள் ஊர் அழுதது, இரண்டாம் நாள் ஊர் பார்த்தது, மூன்றாம் நாள் ஊருக்குப் பழகிவிட்டது. காலையில் அலையின் நிழல் கரையில் பச்சையாக விழும், அந்த நிழலில் ஆண்கள் வலை பின்னினார்கள், பெண்கள் பேன் பார்த்தார்கள். பிள்ளைகள் அலைக்குள் நின்ற மீன்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தார்கள். டீக்கடை கந்தப்பன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலின் ஓரத்தில் போட்டுவிட்டான். கடலுக்குப் போகிறவர்கள், வழியில் படுத்த மாட்டைத் திட்டுவதுபோல அலையைத் திட்டிக்கொண்டே அதைச் சுற்றிப் படகைத் தள்ளினார்கள். தாலுகா ஆபீசிலிருந்து வந்த ஆள் ஒருவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தேசிங்கு கடலில் இருப்பதாக எழுதுவதா கரையில் இருப்பதாக எழுதுவதா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

அழாதவள் ஒருத்திதான், தேசிங்கின் பெண்டாட்டி அஞ்சலாட்சி. அன்றைக்கே இடுப்புத் தண்ணீரில் நடந்துபோய், அலைக்கு அடியில் நுழைந்து, படகில் ஏறினாள். அலை நின்ற பிறகு படத்துக்குள் வந்தவர்கள் யாரும் அதுபோல நின்றுவிடவில்லை. புருஷனைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், பத்து ஆம்பிளைகளும் இழுத்துப் பார்த்தார்கள், பூமியில் நட்ட தூண்போல நின்றான், சட்டை நுனிகூட மடங்கவில்லை. அவன் முகத்து உப்பை முந்தானையால் துடைத்துவிட்டு, அவன் பக்கத்தில் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும் விடியும்போது ஏறுவாள், விளக்கு வைக்கும்போதுதான் இறங்குவாள்.

ஊர் முழுக்கத் திடீரென்று கேமரா மெக்கானிக் ஆகிவிட்டது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுய்யா" என்றான் ஒருவன். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் தேய்த்துப் போடச் சொன்னான் இன்னொருவன். "லேசா ஒரு தட்டு தட்டுங்க, எங்க வூட்டு டிவி அப்படித்தான் வரும்" என்று கந்தப்பன் கையை ஓங்கிக்கொண்டே வந்தான். படகிலிருந்து அஞ்சலாட்சியின் குரல் வந்தது: "எவனாவது அதுல கைய வச்சீங்க, கைய ஒடச்சி அடுப்புல வச்சிடுவன்!"

அவள் கத்தியது நியாயம். ஷட்டர் மூடினால் அலை விழும், அலை விழுந்தால் அது சுருண்டு நிற்கிற வாய்க்கு நேர் கீழே படகு இருக்கிறது, படகு கவிழ்ந்து இன்ஜின் அவன் தலையில் இறங்கும். கடலில் பழுத்த ஆட்கள் அத்தனை பேரும் இதையேதான் சொன்னார்கள். மூடாமலும் இருக்க முடியாது. கேமராவின் திரையில் பேட்டரி தொண்ணூறில் ஆரம்பித்து, தினம் எட்டு எட்டாகக் குறைந்துகொண்டிருந்தது. அது தீர்ந்தால் ஷட்டர் தானாகவே விழுந்து மூடிவிடும்.

கேமராவை நகர்த்தவும் வழியில்லை. நான்காம் நாள் ஒரு நாய் ஸ்டாண்டில் முதுகைச் சொறிய, கடலில் அலை ஒரு முழம் சாய்ந்தது. அன்றே சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். மழை பிடித்ததும் கோயில் குடையை எடுத்துவந்து கேமராவுக்குப் பிடித்தார்கள், தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, சாமிக்குப் பிடிப்பதைவிட நேராகப் பிடித்தார்கள். சொன்னால் வெட்கம், நான் எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன், என்னை ஒருத்தரும் ஒரு வாய் காப்பி குடி என்று கேட்டதில்லை, அந்த நாட்களில் என் கேமராவுக்கு இருந்த மரியாதை எனக்கு என் வாழ்நாளில் கிடைத்ததில்லை.

நான் போன் போடாத கேமரா மெக்கானிக் இல்லை. கேமராவைத் துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்பு என்றார்கள், சென்னைக்குக் கொண்டு வா என்றார்கள், அலை என்றதும் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் கல்யாண வீடியோ எடுக்கிற சிநேகிதன் ஒருவன், பரங்கிப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் ஜெய்புன்னிசாவின் நம்பரைக் கொடுத்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "பட்டன் மேல எழும்பி இருக்கா, உள்ள எறங்கி இருக்காண்ணே?"

பத்து நாளில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. "அப்ப நா மொத பஸ்ஸுல வர்றன்" என்றார்.

நாற்பது வயதுக்குள் இருக்கும். கறுப்பு பர்தா, வெயிலில் மங்கிய செருப்பு, கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். பேட்டரி அப்போது பத்தில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கேமராவிடம் வந்து, கேரியரைத் திறந்தால் ஒரு அடுக்கில்கூடச் சோறில்லை, திருப்புளிகள், இடுக்கிகள், ஊசிகள், துணி, ஸ்பிரிட் புட்டி. மலைபோல நின்ற அலையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே அந்த அம்மாள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. உலகமே கடலைப் பார்த்தது, அவர் ஒருத்தர்தான் கேமராவைப் பார்த்தார்.

"மொதல்ல கெட்டுப்போகாததைப் பாத்துக்குவோம்" என்று ஆரம்பித்தார். பேட்டரி சரி. கார்டு சரி. கேமராவின் அடியை மூடும் அடித்தகடு சரியாகப் பூட்டியிருக்கிறது. பிறகு மேலே இருந்த டயலைப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முள் 'பி' என்ற எழுத்தில் நின்றது. அந்த எழுத்தில் வைத்தால் விரல் பட்டனை அழுத்தியிருக்கும் வரைக்கும் ஷட்டர் திறந்தே கிடக்கும். "ஆயுத பூஜைக்கு தொடச்சீங்களாண்ணே?"

"பளபளன்னு தொடச்சேன்."

"அதான், துணி பட்டு டயல் திரும்பியிருக்கு." பிறகு ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டனுக்கு மேல் குனிந்தார். அப்படியே நின்றார். ஊசி முனையால் எதையோ சுரண்டி எடுத்து, முகர்ந்து பார்த்து, என் உள்ளங்கையில் வைத்தார். சந்தனம்.

அட, என்னை என்ன சொல்வது! அந்தப் பட்டனின் நடுவில், எட்ட நின்று அழுத்தும் வயரை மாட்டுவதற்கென்று ஒரு சின்னக் குழி உண்டு. பூஜை அன்றைக்கு என் கண்ணுக்கு அது பொட்டு வைப்பதற்காகவே பிரெஞ்சுக்காரன் குழித்து வைத்ததுபோல இருந்தது. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அதில் திணித்து, மேலே குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். சந்தனம் பட்டனைச் சுற்றி வழிந்து உள்ளே இறங்கி, காய்ந்து, நான் அழுத்திய பட்டனை எழும்பவிடாமல் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, கோயில் பூசாரி முகம் சுருங்கிப்போனார். ஜெய்புன்னிசா அதைப் பார்த்துவிட்டு, "சாமிக்கு வச்சதுல தப்பு ஒண்ணுமில்ல, தொடைக்காம காயவிட்டதுதான் தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒரு வார்த்தையில் என் மானத்தையும் பூசாரியின் மானத்தையும் காப்பாற்றிவிட்டார்.

"ரெண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டா சந்தனம் கரைஞ்சிடும். பட்டன் எழும்பும், ஷட்டர் மூடும்" என்றார்.

"மூடுனா அவரு செத்துடுவாரு" என்றாள் அஞ்சலாட்சி. படகிலிருந்து இறங்கி, ஈரப்புடவையோடு வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். பதினோரு நாளில் அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

ஜெய்புன்னிசா அப்போதுதான் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார். அலையின் தலையைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், படகைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "கேமராவுக்குள்ள உலகம் எப்படிண்ணே விழும்?" என்று கேட்டார்.

"தலைகீழா."

"மூடுற தகடு?"

"மேலேர்ந்து கீழ வரும்."

"அப்ப உள்ள மேல இருக்கறது, இங்க அடியில இருக்கறது. மொதல்ல விடுதலை படகுக்கு. அலைத் தலைக்குக் கடைசிலதான்."

முப்பது வருஷமாகக் கேமரா பிடிக்கிறேன், ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை, சேர்த்துப் பார்க்க எனக்குத் துப்பில்லை. ஆனால் அந்தத் தகடு மேலிருந்து கீழே வர கண் இமைக்கும் நேரம்கூட ஆகாதே என்று நான் இழுத்தேன். அவர் கேமராவின் அடித்தகட்டைத் தொட்டுக் காட்டினார். இதற்குள்ளே ஷட்டரை இழுக்கும் பல்சக்கரம் இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக விட்டால், ஷட்டர் தகடு ஒவ்வொரு மயிரிழையாக இறங்கும். "பதினெட்டுப் பல்லு. ஆனா இப்படிச் செஞ்சா ஷட்டர் போயிடும்ணே. அப்புறம் யாரும் சரிபண்ண முடியாது, நானும் முடியாது."

"போகட்டும்! கடல்ல போகட்டும்!" என்று நான் கத்தினேன்.

படகின் மூக்கு வளையத்தில் கயிறு கட்டினார்கள், கரையில் நாற்பது பேர் கயிற்றைப் பிடித்தார்கள். தேசிங்கின் தலை விடுபடும் வரைக்கும் இழுக்கக் கூடாது, இழுத்தால் பாதி உயிரும் பாதி கல்லுமாக இருக்கிறவன் என்ன ஆவானோ என்று ஜெய்புன்னிசா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முகம் உயிர் பெற்றதைப் பக்கத்திலிருந்து பார்த்து ஒருத்தர் குரல் கொடுக்க வேண்டும். நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குள் அஞ்சலாட்சி தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"தங்கச்சி, அலைக்கு அடியில நிக்கப் போற, தெரியுதுல்ல?" என்று ஜெய்புன்னிசா கேட்டார்.

"நீங்க கைய விட்டுடாதீங்கக்கா, போதும்."

அடித்தகடு கழன்றால் கேமரா உயிரை விட்டுவிடும், ஆகவே பஸ் டிக்கெட்டை நான்காக மடித்து அது அழுத்தும் இடத்தில் செருகி, அடித்தகடு இருப்பதாகவே கேமராவை நம்பவைத்தார். பக்கவாட்டில் கவ்வியிருந்த ஸ்டாண்டை அசைக்காமல் அடித்தகட்டை எடுத்துவிட்டு, உள்ளே இரண்டு திருகுகளைக் கழற்றினார். சுண்டுவிரல் நக அளவுக்குச் சக்கரம் தெரிந்தது. அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "நீங்க ஜன்னல் வழியா பாத்துச் சொல்லிக்கிட்டே வாங்கண்ணே" என்றார். கடைசிக் கட்டத்தில் பேட்டரி மளமளவென்று இறங்கி மூன்றுக்கு வந்திருந்தது. பிஸ்மில்லா என்று சொல்லி இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டார்.

சந்தனம் கரைந்தது, பட்டன் எழும்பியது, சக்கரம் துள்ளியது, அவர் விரல் அதைப் பிடித்தது. ஒரு பல். அலையின் அடிநுரை மட்டும் உயிர்பெற்றுக் கரைக்கு ஓடிவந்து கயிறு பிடித்தவர்களின் காலை நனைத்தது. இரண்டாம் பல், மூன்றாம் பல், படகின் அடி ஆடத் தொடங்கியது. ஐந்தாம் பல்லில் தேசிங்கின் பாதம் நழுவி நழுவிப் பலகையைத் தேடியது, ஏழாம் பல்லில் முழங்கால் நடுங்கியது, ஒன்பதாம் பல்லில் வயிறு மூச்சு வாங்கியது. அலையின் கீழ்ப்பாதி இடிந்து வந்து படகை முட்டியது, படகு துள்ளியது, ஆனால் அவன் தலையும் தோளும் காற்றில் ஆணியடித்ததுபோல நிற்க, அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் படகே நின்றது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன், தோள், கழுத்து, தாடை. என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஜெய்புன்னிசாவின் விரலிலிருந்து ரத்தம் சக்கரத்தில் வழிந்தது மட்டும் தெரிந்தது.

பதின்மூன்றாம் பல்லில், பதினோரு நாளாகத் திறந்திருந்த வாய் தன் வேலையை முடித்தது. "...யித்தப் போடுங்கடா!" என்று தேசிங்கு கத்தினான்.

"போட்டாச்சு! இழுங்க!" என்று அஞ்சலாட்சி அலறினாள்.

நாற்பது பேரும் இழுத்தார்கள். மேலே அலையின் தலை மட்டும் எதிலும் ஒட்டாமல் கூரைபோலத் தொங்கிக்கொண்டிருக்க, அதன் அடியிலிருந்து படகு வழுக்கிக்கொண்டு வந்தது, படகைப் பிடித்தபடி அஞ்சலாட்சி வந்தாள். பேட்டரி ஒன்று. "வந்துட்டாங்களா?" என்று ஜெய்புன்னிசா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். படகு வந்துவிட்டது. அஞ்சலாட்சியின் புடவை இன்னும் நிழலுக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தது. "இன்னும் இல்ல... பொறுங்க... பொறுங்க... வந்துட்டா!"

விரலை எடுத்தார். ஐந்து பல்லும் ஒன்றாக ஓடின. 'டக்' என்று அந்தச் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு அலை விழுந்தது, ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்து கோயில் வாசல் வரைக்கும் ஓடி, முள்வேலியையும் கந்தப்பனின் பெஞ்சையும் வாரிக்கொண்டு போயிற்று. மூன்று கடற்காக்கைகளும் எதுவும் நடக்காததுபோலப் பறந்துபோயின. ஊர் ஓவென்று கத்தியது. நான் அந்த அம்மாளின் காலில் விழப் போனேன், அவர் பதறி விலகி, "சும்மா இருங்கண்ணே, அந்தத் துணிய எடுங்க" என்று விரலில் சுற்றிக்கொண்டார்.

தேசிங்குக்கு எதுவும் தெரியாது. கத்தினான், இழுத்தார்கள், கரை சேர்ந்தான், அவ்வளவுதான் அவன் கணக்கு. இதற்கு எதற்கு ஊரே கூடி நிற்கிறது, பெண்டாட்டி எதற்கு இப்படிக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழுகிறாள் என்று புரியாமல், எல்லோர் முன்னாலும் கூச்சப்பட்டு நின்றான்.

சாகப்போகிற பேட்டரியில் கேமரா கடைசியாகத் தன் திரையை ஏற்றிக் காட்டியது. பதினோரு நாள் வெயிலும் விழுந்த படம், வெள்ளையாக எரிந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அலை இருந்தது, காக்கைகள் இருந்தன, படகு இருந்தது. இழுத்துப் பார்த்த பத்து பேர், அலைக்கு அடியில் போய்வந்த பிள்ளைகள், எட்டிப் பார்த்த அதிகாரிகள், வந்து வந்து போன ஒருவர்கூட அதில் இல்லை. திறந்த ஷட்டருக்கு முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் படத்தில் தங்க மாட்டார்கள். தேசிங்கு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்தபடி நிற்கும் தன்னைப் பார்த்தான், அப்புறம் தனக்குப் பக்கத்தில், படகின் விளிம்பில், ஒரு மயிரிழைகூட அசையாத தெளிவோடு உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"நா தனியாளாத்தான வந்தன்," என்றான். "இவ எப்ப ஏறுனா?"